மாமல்லபுரத்தில் இன்னொரு சஹானா

1

இது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட கதை. ஆச்சரியத்தில் பிளக்கவில்லை. புதுப்பட்டினத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். என் பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெண், முகக்கவசத்துக்குள்ளிருந்து தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். வாய்க்குள் உறிஞ்சுகுழாய் கிடக்கிறவனால் 'அப்புறம்?' என்றுகூடக் கேட்க முடியாது. அந்த தைரியத்தில்தான் என்னிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன். மேல்வரிசை முடிந்ததும், கீழ்வரிசைக்கு அடுத்த வாரம் வாங்க சார் என்றாள். கதையும் பாதியில் நின்றது. மீதிப் பாதி என் சரக்கு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'சஹானாவின் கணவனுக்குக் கர்நாடகத்துக்கு மாற்றல் வந்தது.' சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு, 'தன் பெயர் தன்னைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்த அன்று நல்ல மழை' என்று எழுதினேன். மழை எதற்கு? அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். பயப்படுகிறவர்கள் எல்லாரும் மழை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? அதையும் அடித்தாயிற்று.

(சஹானா அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. நான் வைத்தது. அதில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. பிறகு பேசுவோம்.)

2

சஹானா பல் டாக்டர் இல்லை, டென்டல் ஹைஜீனிஸ்ட். பல்லைப் பிடுங்குவது டாக்டர் வேலை. பல்லில் படிந்த காறையைச் சுரண்டி எடுத்து ஈறைக் காப்பாற்றுவது இவள் வேலை. அதற்கென்று படித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால்தான் அடுத்தவர் வாயில் கைவைக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் பதிவு தனி. ஓசூர் தாண்டினால் இவள் யாரோ.

கணவன் பிரவின்குமார் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தான். கர்நாடகத்தில் இருக்கிற கைகா நிலையத்துக்கு மாற்றல் ஆனது. பக்கத்து ஊரான கார்வாரில் ஒரு ஆஸ்பத்திரி, பதிவை மாற்றிக்கொண்டு வாருங்கள், வேலை தயார் என்றது. மாற்றுவதற்கு அசல் சான்றிதழை இங்கே ஒப்படைக்க வேண்டும். இவள்மேல் புகார் ஏதும் இல்லை என்று கவுன்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கைகா குவார்ட்டர்ஸில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் 'பிரவின் ஒய்ஃப்' என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

அசல் அவளிடம் இல்லை. வேலைக்குச் சேர்கிற அன்றே அசலை டாக்டரிடம் கொடுத்துவிடுவது இந்தப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம். டாக்டர் அதைக் கண்ணாடி போட்டுத் தன் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார். நோயாளிக்கு நம்பிக்கை வரும், வேலைக்கு வந்த பெண்ணும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடமாட்டாள். சஹானாவுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவையும் அம்மாவையும் செங்கல்பட்டிலிருந்து அழைத்துவந்து காட்டினாள்.

மாற்றல் வந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், அந்த இடத்தில் பற்பசைக் கம்பெனி காலண்டர் தொங்குகிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிற சுவரை யார் பார்க்கிறார்கள்?

டாக்டர் பரணிதரனிடம் கேட்டாள். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, பிரேம் கடையில் கொடுத்திருக்கிறேன் என்றார். அடுத்த வாரம் கேட்டபோது ஆடிட்டரிடம் இருக்கிறது என்றார். முகத்தில் ஒரு கோணல் இல்லை, குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. ஒரு காகிதத்துக்கா இப்படி நடுங்குகிறாய் என்று பிரவின் சிரித்தான்.

3

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் ஏலம் எடுக்கிற ஒரு அம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாயைத் திறக்கச் சொன்ன சஹானா விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தாள். ஈறெல்லாம் கிழிசல். பல்லில் ஆணியால் கீறினமாதிரி கோடு கோடாகப் பள்ளம். கருவியின் முனையைப் பல்லோடு சாய்த்துப் பிடிக்கத் தெரியாமல் நெட்டுக்குத்தாகக் குத்தினால் மட்டுமே இப்படி ஆகும். படித்தவள் யாரும் செய்யமாட்டாள்.

யார் கிளீன் பண்ணினது என்று கேட்டாள்.

"மாபலிபுரத்துல, உங்க பிராஞ்சுலதான். சஹானா பொண்ணு. நல்ல பொண்ணுதான், கைதான் கொஞ்சம் முரடு. நீ இன்னா, புதுசா வந்துகிறியா?"

சஹானா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இல்லம்மா. பழசுதான்."

(இந்த இடத்தில் 'சஹானாவுக்கு ஆத்திரம் பொங்கியது' என்று எழுதி, அடித்தேன். ஆத்திரமெல்லாம் நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு. அவளுக்கு வந்தது பயம், சுத்தமான பயம்.)

இவள் சான்றிதழை மாட்டி, இவள் பெயரில் வேறு யாரோ அங்கே வேலை செய்கிறார்கள். இவள் தொடாத வாய்கள் எத்தனையோ, அத்தனைக்கும் இவள்தான் பொறுப்பு. ஒரே ஒருவர் ஒரு புகார் தட்டிவிட்டால் போதும். நேரே கவுன்சிலுக்குப் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். அவளும் யோசித்தாள். இவளே புகார் கொடுத்தாலும் இவள் பெயரில் விசாரணை தொடங்கும், முடியும்வரை மாற்றல் கிடப்பில் கிடக்கும். அசலை ஏன் அடுத்தவரிடம் கொடுத்தாய் என்று முதல் கேள்வி இவளைத்தான் கேட்பார்கள். சத்தம் போடாமல் மாமல்லபுரத்துச் சுவரிலிருந்து அசலைக் கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறேன் சார், டாக்டர் அங்கே சாயங்காலம்தான் வருவார் என்றாள். வாய் கொப்பளிக்கச் சொன்னாள். என் மேல்வரிசை முடிந்தது.

4

அடுத்த வாரம் போனேன். வேறொரு பெண் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். போன வாரம் இருந்தவங்க எங்கே என்று, உண்மைப் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன்.

"நான்தான் சார் அது. ஆ காட்டுங்க."

எழுந்து வந்துவிட்டேன். செருப்பை மாட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. என் கீழ்வரிசை இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. இனி வருவதெல்லாம் கற்பனை. அப்படி நம்பத்தான் எனக்கு ஆசை.

(அந்தச் சின்னப் பெண்ணைத்தான் மாமல்லபுரத்தில் கொண்டுபோய் வைத்தேன், முதல் வரைவில் கெட்டவளாக எழுதினேன். லிப்ஸ்டிக், அலட்சியம், டாக்டரோடு ஒரு இது. படித்துப் பார்த்தபோது எனக்கே குமட்டியது. கிழித்துப்போட்டு மறுபடி எழுதுகிறேன்.)

மாமல்லபுரத்தில் கிளை ஒரு மாடியில் இருந்தது, கீழே பைக் வாடகைக்கு விடுகிற கடை. சஹானா துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஏறினாள். முன்னறையில் அவள் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் ஒட்டியிருந்த, கல்லூரி முடித்தபோது எடுத்த போட்டோ இரட்டைப் பின்னலோடு இவளையே பார்த்தது. கண்ணாடியில் விரிசல் ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் எட்டும். நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டில் சஹானா என்று நூலால் தைத்திருந்தது.

டாக்டர் இல்லை, சாயங்காலம் வாங்க என்றாள். சஹானா அவள் பெயரைக் கேட்டாள். கோட்டைத் தொட்டுக் காட்டியவள், என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்தினாள்.

"வூட்ல ஜெசிந்தா. இது ஆஸ்பத்திரி பேரு, அக்கா. கால் சென்டர்ல வெப்பாங்கோல்ல, அது மாரி. டாக்டருதான் வெச்சாரு."

அந்த போட்டோவில் இருப்பது யார் என்று சஹானா கேட்டாள்.

"முன்ன இங்க வேலை செஞ்சவங்க. போட்டோ போட்டு மாட்டிகிறாங்களே, செத்துட்டாங்கன்னு நெனச்சுகினேன். பாவம், சின்ன வயசு."

ரிசப்ஷனுக்கு வந்தவள், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டவள். தப்பு செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. சஹானாவுக்கு அவள்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் இருமினார். அவர் துப்பிய தொட்டியைப் பார்த்த சஹானா, எதற்கு வந்தோம் என்பதையே மறந்தாள். தொட்டி முழுக்கச் சிவப்பு. இருதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று வெளியே உட்கார்ந்திருந்த மகன் விஷாலிடம் கேட்டாள். ஆமாம், தினமும் சாப்பிடுகிறார், ஆனால் யாரும் கேட்கவே இல்லையே என்றான். வேலையைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சஹானா கையுறையை மாட்டி, பஞ்சைச் சுருட்டி, ஈறில் வைத்து அழுத்தினாள். பஞ்சை எடுத்தால் மறுபடி ஊறியது. மறுபடி அழுத்தினாள். பெரியவரின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஜெசிந்தா சுவரோரம் போய் நின்று அழுதாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சஹானா சான்றிதழைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறாள். திருக்கழுக்குன்றம்வரைகூட அவளைக் கொண்டுபோக முடியவில்லை. அவள் கையை எடுத்த ஈறில் ரத்தம் என்ன ஆயிற்று என்ற கவலை என்னையே எழுதவிடவில்லை. இன்னொன்றில் டாக்டர் வந்து, எல்லாம் என் தப்பு என்று ஒப்புக்கொள்கி

(அந்த வரியை முடிக்காமலே சிரித்துவிட்டேன்.)

மூன்றாவதில் சஹானா 'இவள் பெயர் ஜெசிந்தா' என்று மட்டும் சொல்கிறாள். பொய் இல்லை, உண்மைதான். சஹானாவின் பெயர் சுத்தமாகிறது, கார்வார் வேலை கிடைக்கிறது. ரிசப்ஷன் பெண் எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள் என்று டாக்டர் கைகழுவுகிறார். ஜெசிந்தாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறார்கள். எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

உறுத்தல் என்றேனே, அது இதுதான். ஒரு பெண்ணின்மேல் இன்னொரு பெண்ணின் பெயரை மாட்டிவிட்டுத் தனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார் டாக்டர். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். எங்கோ நிஜமாகவே ஒரு சஹானா பல் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். அவள் கதி? இப்படிப்பட்டவன் முடிவு எழுதினால் அதுவும் என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இருக்கும். நான் எழுதவில்லை.

நீங்கள் இருக்கிறீர்களே. ஆரம்பத்திலிருந்து கூடவே வந்து, அந்த முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தீர்கள். ஆம்புலன்ஸ் கீழே வந்து நிற்கிறது. விஷால் கையில் போனோடு உள்ளே வருகிறான். அப்பாவைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான், யார் செய்தது என்று அங்கே கேட்பார்களாம். சஹானா பஞ்சிலிருந்து கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஜெசிந்தா கோட்டில் தைத்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் திரும்பி உங்களைப் பார்க்கிறான்.

"நீங்க இங்கதான குந்திகினு இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. பேரு இன்னா?"