எழும்பிய தொட்டி

நத்தார்ப் பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் கொட்டாஞ்சேனை மரியகொறற்றிக்கு விட முடியாத வழக்கம். மழை ஓயாமல் பெய்து களனி ஆறு கரைமட்டத்துக்கு நின்ற வாரத்திலும் அவள் விடவில்லை. முற்றத்தில் புதைத்திருந்த ஆயிரம் லீற்றர் பிளாஸ்டிக் தொட்டியை ஒட்ட இறைத்து, உள்ளே இறங்கித் தேய்த்து, துணியால் துடைத்தும் விட்டாள். மகள் தாரிகா பத்து நாள் பிள்ளையோடு மறுநாள் வருகிறாள்.

மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியின் வாய் தரைக்கு மேல் இரண்டு விரல் எழும்பி நின்றது. சுற்றிப் பூசிய சீமெந்து வெடித்துவிட்டது. வீதிக் குழாய் தொட்டிக்குள் நுழையும் இடம் வில்லாக வளைந்திருந்தது. அது முறிந்தால் நத்தார் முடியுமட்டும் திருத்த ஆள் வராது. கூரைத்தொட்டியில் இருப்பது முடிந்தால் பச்சைப்பிள்ளை உள்ள வீட்டில் தண்ணீர் இராது.

மதிலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ், புதைத்தவன் ஏமாற்றிவிட்டான் என்றாள். பிறகு தானே வந்து மூடியில் ஏறி நின்றாள். தொட்டி கொஞ்சம் தாழ்ந்தது, இறங்கினதும் எழும்பியது. துறைமுகத்தில் வேலை செய்யும் மாடிவீட்டு ஜனாவும் வந்தான். மூவரும் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இறங்கியபோது மூன்று விரல் எழும்பியிருந்தது.

இப்போது மரியகொறற்றிக்குப் பயத்தைவிட யோசனை கூடிவிட்டது. மேலே இருந்து இழுக்க ஒருவரும் இல்லை; அப்படியென்றால் கீழே இருந்து தள்ளுவது எது? தொட்டியோரம் கம்பியைக் குத்தி எடுத்தாள். ஓட்டை நிறையத் தண்ணீர் ஊறி வந்தது.

"தண்ணிதான் தம்பி கீழ நிண்டு தூக்குது."

"ஓம் அக்கா. சாமான் இறக்கின கப்பலும் இப்பிடித்தான் எழும்பி நிக்கும். அதுக்கெண்டு கடல் தண்ணியையே உள்ளுக்கு எடுப்பாங்கள்."

எவ்வளவு பாரம் வேண்டும் என்று கேட்டாள். ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட என்றான்.

"என்னைப்போலப் பன்னிரண்டு பேர்," என்றாள் புளோறன்ஸ். "யேசுபாலன் பிறக்குமட்டும் இதுக்கு மேலயே நிப்பமோ?"

வீதிக் குழாயில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. முற்றத்து ஓரப் பள்ளத்தில் கணுக்காலளவு சேற்றுத் தண்ணீர்தான் நின்றது. மரியகொறற்றி பளபளவென்றிருந்த தொட்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். வாளியை எடுத்தாள்.

"துடைச்ச தொட்டிக்குள்ளயோ ஊத்தப் போறாய்?" என்றாள் புளோறன்ஸ்.

"மண் காய்ஞ்சாப் பிறகு திரும்பக் கழுவுவன். அதுவரைக்கும் பிள்ளைக்குக் கூரைத்தொட்டித் தண்ணி காணும். குழாய் முறிஞ்சால் ஆர் ஒட்டுறது?"

மூவரும் அள்ளி ஊற்றினார்கள். முப்பதாவது வாளிக்குப் பிறகு தொட்டி அசையவில்லை. மேலே வந்த மூன்று விரலும் திரும்ப இறங்கவும் இல்லை. அடியில் சேறு புகுந்திருக்க வேண்டும். குழாய் வளைந்தபடியே தாங்கி நின்றது. எங்கும் வெடிக்கவில்லை.

போதும் அக்கா என்றான் ஜனா. அவள் கேட்கவில்லை. கம்பி ஓட்டையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தாள், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வருமட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.