நாலு இன்ச் உயரம்

ப்ரஹ்லாத் சாருக்குத் தாழ்வான சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாது. தொடைச் சதை வருஷத்துக்கு வருஷம் கரைந்துகொண்டே வரும் வியாதி. நடப்பார், நிற்பார், வண்டி ஓட்டுவார். உட்கார்ந்த இடம் உயரமாக இல்லாவிட்டால் மட்டும் தானாக எழ முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது மூன்று மாதம் தெரியாது. தெரியாத காலத்தில் நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்களும் என்னோடு சேர்ந்து அவரைத் திட்டிவிடக் கூடாது.

என் பெயர் அல்போன்சா. பெங்களூர் ஹெப்பகோடியில், தொழிற்சாலைகளுக்குப் பின்புறச் சந்தில், கார்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் போடுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பக்கத்துக் கம்பெனியில் பஸ் கதவுகளுக்கான காற்று வால்வு பொருத்திக்கொண்டிருந்தேன். காற்று எங்கே கசிகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. காரின் இரும்பு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நாலு சக்கரத்துக்கும் ரப்பர் பை வைப்போம். டிக்கியில் ஒரு டேங்க், ஒரு கம்ப்ரசர். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் பைகளில் காற்று ஏறி வண்டி உயரும். இன்னொன்றை அழுத்தினால் காற்றைத் துப்பிவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துவிடும். அப்படிப் படுத்துக் கிடக்கிற அழகுக்காகத்தான் பையன்கள் உயிரை விடுகிறார்கள். என்னிடம் வருகிற அத்தனை பேரும் எவ்வளவு இறங்கும் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு ஏறும் என்று கேட்டவர் ப்ரஹ்லாத் சார் ஒருவர்தான்.

ஜூன் மாதம் முதல் தடவை வந்தார். கருநீலத்தில் இரண்டு கதவு ஜப்பான் கார். பட்டறை வாசலில் நிறுத்தினார். வண்டி மெதுவாக உயர்ந்தது. ஆனால் ஆள் இறங்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். கண்ணாடி இறங்கியது.

"நீங்க உள்ள போங்கோ. நான் வரேன்."

என் பட்டறையில் என்னையே உள்ளே போகச் சொல்கிறார்! சரி, பெரிய மனுஷர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை முன்னால் தள்ளி, கோயில் தர்மகர்த்தா மாதிரி அசைந்து அசைந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "உக்காருங்க சார்."

"பரவால்ல. நின்னுண்டே இருக்கேன்."

"டீ சொல்லட்டா?"

"வேண்டாம்மா."

தண்ணீரும் வேண்டாம் என்றார். ஒன்றரை மணி நேரம், தூணில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டே இருந்தார். நான் கோலார் தங்கவயல்காரி. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து, உட்காராமல், தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். அம்மா அப்படி வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். அந்த வயதில் எனக்கு அம்மா மேல் வந்த கோபமெல்லாம் அன்றைக்கு இந்த மனுஷர் மேல் திரும்பியது. நிற்கட்டும், கால் கடுக்க நிற்கட்டும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்ன மாதிரியே இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வண்டியை நிறுத்தினதும் முழு உயரத்துக்கு ஏறணும். ஏறினா பத்து நிமிஷம் அப்படியே நிக்கணும். இப்ப இறங்கிடறது."

"எவ்ளோ இறங்குது?"

"ஒரு இன்ச். சில நாள் ஒண்ணரை."

"ஒரு இன்ச்சுக்கா சார் இவ்ளோ தூரம்? ஏர்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஹோசூர் ரோட்ல இருக்கிற ஸ்பீட் பிரேக்கருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?"

"எனக்குக் கணக்குதான்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். சோப்புத் தண்ணீர் அடித்து எல்லா இணைப்பிலும் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கைக்கு எட்டியவற்றில் மட்டும் பார்த்தேன். வால்வில் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினேன். டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். முன் சக்கரத்தின் உள் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அரை வேலை செய்து அனுப்பினேன். என் தொழிலில் நான் செய்த முதல் அரை வேலை அது.

ஜூலையில் திரும்ப வந்தார். அதே கண்ணாடி, அதே "உள்ள போங்கோ", அதே நிற்றல். "இன்னும் இறங்கறது. கம்ப்ரசர் ஓடிண்டே இருக்கு, சூடாயிடறது" என்றார். போன வாரம் ஆபீஸ் பேஸ்மென்ட்டில் கம்ப்ரசர் தானாக நின்றுவிட்டதாம். நாற்பது நிமிஷம் வண்டிக்குள்ளேயே இருந்தேன் என்றார்.

"இன்னாத்துக்கு சார் உள்ளயே இருந்தீங்க? இறங்கிப் போய் வேலையைப் பாக்க வேண்டியதுதானே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் சொல்ல வேண்டியதை முகத்தில் சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. இன்னொரு வளையத்தை மாற்றி அனுப்பினேன்.

செப்டம்பரில் மூன்றாவது தடவை. மதியம் மூன்று மணி. ஈஜிபுராவிலிருந்து கேசவ் என்கிற பையனும் அவன் சிநேகிதனும் தங்கள் வண்டியோடு வந்திருந்தார்கள். இரண்டு பேரும் வண்டியை இறக்கிக் காட்டுகிற கண்காட்சிகளில் பரிசு வாங்கத் துடிக்கிற ரகம். கருநீலக் கார் வந்து நின்றதும் கேசவ் விசிலடித்தான். வண்டி உயர்ந்தது.

"ஏன் அக்கா இது மேல ஏறுது? இவ்ளோ சூப்பர் காரை எரும மாதிரி நிக்க வெச்சிருக்காரு!"

கண்ணாடி இறங்கியது. "அல்போன்சா, நீங்க உள்ள போங்கோ. நான் வரேன்."

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சோதனைக்காக அந்த வண்டியின் கன்ட்ரோலை என் போனில் சேர்த்திருந்தேன். அது இன்னும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சாக்குப்போக்கு எதுவும் இல்லை. அந்த ஆளைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"இந்த வண்டி எப்படி உக்காருதுன்னு பாரு கேசவ்" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினேன்.

நாலு பையும் ஒரே நேரத்தில் காற்றை விட்டன. வண்டி அடி தரையில் தட்டுகிற மாதிரி உட்கார்ந்தது. கேசவ் "சக்கத் குரு!" என்று கன்னடத்தில் பாராட்டிக் கத்திக்கொண்டு போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். சிநேகிதன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். "வெளிய வாங்க சார், வண்டியோட ஒரு போட்டோ!"

ப்ரஹ்லாத் சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுதப்போவதில்லை. பிறகு வலது காலை வெளியே வைக்கப் பார்த்தார். கால் தானாக வரவில்லை. முட்டிக்கு மேலே பேன்ட் துணியைக் கையால் கொத்தாகப் பிடித்து, காலைத் தூக்கி, வெளியே வைத்தார். அடுத்த காலையும் அப்படியே. சீட்டு தரையிலிருந்து ஒரு சாண்தான் இருந்தது. கதவு விளிம்பில் கையை ஊன்றி எழப் பார்த்தார். உடம்பு நாலு விரல் எழும்பிற்று, அப்படியே பொத்தென்று விழுந்தது. மறுபடி ஊன்றினார். மறுபடியும் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. துணியைப் பிடித்துக் காலைத் தூக்கிய அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றாகப் புரிந்துவிட்டது.

"போனை உள்ள வைடா! கெளம்புங்க ரெண்டு பேரும்!" நான் போட்ட கூச்சலில் கேசவ் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். அப்புறம் என்னிடம் அவன் வரவில்லை.

ஏற்றும் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வரும் வழியெல்லாம் கசிவை ஈடுகட்டி ஓடியே கம்ப்ரசர் சூடாகி நின்றிருந்தது. டேங்கில் இருந்த காற்று, வந்ததும் ஒரு தடவை ஏறியதோடு தீர்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்றால் தரையில் ஒட்டிக் கிடக்கிற வண்டிக்கடியில் ஜாக்கி நுழையாது.

"கை குடுக்கட்டா சார்? நான் தூக்கிடுவேன்."

"வேண்டாம். தோள்லயும் பலம் இல்லை. இழுத்தா எசகுபிசகா விழுந்துடுவேன்." குரலில் கோபம் இல்லை. "காத்துதான் தூக்கணும்."

டிக்கியைத் திறந்தேன். டேங்கின் அடி மூடியைக் கழற்றி அங்கே என் பட்டறைக் குழாயை மாட்ட வேண்டும். அளவு சரியான இணைப்பானைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அவசரத்தில் மரை இரண்டு தடவை கோணலாக ஏறியது. பன்னிரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. அவர் காலை வெளியே வைத்தபடி, வெயிலில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

காற்று ஏற ஆரம்பித்ததும் முன்பக்கம் வந்து கதவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். நின்றுகொண்டு அவரைக் குனிந்து பார்க்க என்னால் முடியவில்லை.

"மன்னிச்சுடுங்க சார். வேணும்னுதான் பண்ணேன். நீங்க எங்க சேர்ல உக்கார மாட்டீங்கன்னு, எங்க டீயைக் குடிக்க மாட்டீங்கன்னு நெனைச்சிட்டேன்."

"அப்படித் தோணும்னு எனக்கு ஸ்ட்ரைக்கே ஆகலை" என்றார். "தோணியிருக்கணும். சேர்ல உக்காந்தா எழுந்துக்க முடியாது. டீ குடிச்சா பாத்ரூம் போகணும், அங்க என்ன உயரமோ தெரியாது. யார்கிட்டயும் சொல்றதில்லை. சொன்னா மறுநாள்லேர்ந்து எல்லாரும் கையைப் பிடிக்க வந்துடுவா."

வியாதி வருவதற்கு முன் வாங்கிய வண்டியாம். உயரமான வண்டிக்கு மாறச் சொல்லி மனைவி ஸ்ரீரஞ்சனி தினமும் சொல்கிறாள் என்றார். "ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். ஓட்டறச்சே நான் பழைய ஆள்தான். இறங்கறச்சேதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

வண்டி உயர்ந்தது. அவர் சொல்லாமலே நான் எழுந்து உள்ளே போய், சுவரைப் பார்த்து நின்றேன். அவர் வந்து என் பின்னால் தொண்டையைக் கனைத்த பிறகே திரும்பினேன்.

அன்றைக்கே முன் சக்கரத்தின் உள் மூடியைக் கழற்றினேன். முன்னால் வேலை செய்தவர் யாரோ, காற்றுக் குழாயை இடுக்கியால் சாய்வாக வெட்டிச் செருகியிருந்தார். சோப்புத் தண்ணீர் பட்டதும் நுரைத்துக்கொண்டு வந்தது. நேராக வெட்டிச் செருகினால் முடிகிற வேலை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜூனிலேயே முடிந்திருக்கும். கசிவு நின்ற பிறகு அரை மணி நேரம் அளவு நாடாவோடு காத்திருந்து பார்த்தேன். நூலளவுகூட இறங்கவில்லை. அவர் தூணோரம் நின்றிருந்தார்.

"எவ்ளோ உயரம் செட் பண்ணட்டும் சார்? ஓட்டற உயரத்துக்கு மேல எவ்ளோ இருந்தா ஈசியா எழுந்துப்பீங்க?"

"பை போட்ட புதுசுல ரெண்டு இன்ச் போதும். போன உகாதிக்கு மூணு ஆச்சு. இப்ப நாலு." கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார். "இந்தப் பை மொத்தம் எவ்வளவு தூக்கும்?"

எனக்கு விடை தெரியும். ஐந்து, ஆறு என்று ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. இந்த மனுஷரிடம் இன்னொரு தப்புச் செய்ய மனம் வரவில்லை.

"நாலரை சார். அதுக்கு மேல போனா பை பிச்சுக்கும்."

அவர் தலையாட்டினார். எந்த மாதம் வரை வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. நானும் போட்டுப் பார்த்தேன். அடுத்த உகாதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே கணக்கு முடிந்துவிட்டது.

"நாலரைக்கே வெச்சுடட்டா சார்? கஷ்டமில்லாம இறங்கலாம்."

"வேண்டாம்" என்றார் அவசரமாக. "நாலே இருக்கட்டும். அந்த அரை இன்ச்சை இப்பவே செலவு பண்ணிடாதீங்கோ."

நான் நாலு என்று பதிந்தேன்.