ஆளுநர் அலுவலகக் கதவில் ஒரு சாவு நோட்டீஸ்

1

இந்தக் கதை எனக்கு ஆளுநர் அலுவலக வாசலில் கிடைத்தது. நான் அங்கே நடைபாதைக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். வயசான பிறகு எழுத்துக் கற்றவன். முதல் வரியிலேயே மூச்சு வாங்குகிறது.

'பல்கேரியாவின் மலையடிவாரத்தில், எழில் கொஞ்சும் ஒரு...'

[வேண்டாம். எழில் எதுவும் கொஞ்சவில்லை.]

இப்படி ஆரம்பிக்கிறேன். எங்கள் கிராமத்துக்கு மேலே ஒரு மண் அணை. கரையில் கசிவு. கீழே முதல் வீடு ஸ்லாவ்காவுடையது. அவள் புருஷன் மெதோடி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பனி உருகுவதற்குள் மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினால் பிழைப்பார்கள். அடுத்த வீடு என்னுடையது. ஆனால் என்னால் ஓட முடியும்.

2

அணை அரசாங்கத்துடையது என்றது நகராட்சி. நகராட்சியுடையது என்றது அரசாங்கம். இந்த மாதிரி இழுபறிக்குத்தான் மாகாண ஆளுநர் என்று ஒருவரைத் தலைநகரிலிருந்து நியமிக்கிறார்கள். அரசாங்கச் சொத்தைக் காப்பது, நகராட்சி சட்டம் மீறினால் தடுப்பது, வெள்ளம் வந்தால் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது.

(வெள்ளம் வருமுன் உட்காரவைக்கக் கூடாதா என்று அங்கே ஒருவரைக் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்.)

3

மதகைத் திறக்கச் சொல்லி ஸ்லாவ்கா ஆளுநருக்கு மனு கொடுத்தாள். பதில் இல்லை.

எங்கள் பக்கம் யாராவது செத்தால் படம் போட்ட நோட்டீஸைக் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவோம். மழை கிழிக்கலாம், மனுஷக் கை கிழிக்காது. அவள் தன் படத்தையே போட்டாள். பெரிய எழுத்தில் பெயர். அடியில் சின்னதாக, 'அணை உடைந்து இறந்தாள். தேதி பின்னர்.' நேராக ஆளுநர் அலுவலகக் கதவில் ஒட்டினாள்.

"கிழிய்யா அத," என்றார் மனுக்களைப் பார்க்கும் அதிகாரி யூலியன்.

"நீங்களே கிழிங்க சார். நான் புள்ளகுட்டிக்காரன்," என்றார் காவலாளி.

யாரும் கிழிக்கவில்லை. யாரோ இரண்டு பூக்களைச் செருகிவிட்டுப் போனார்கள்.

4

[இந்த இடத்தில் யூலியனைக் கொடியவனாக்கப் பார்த்தேன். வரவில்லை. அவர் வெறுமனே லீவில் போனார்.]

அவர் இல்லாத நாளில் குமாஸ்தா தாந்த்கா கதவைக் கடந்தாள். பெயரையும் படத்தையும் பார்த்தாள். சாவு நோட்டீஸில் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்? சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய், 'மனுதாரர் காலமானார்' என்று மனுவை முடித்துவிட்டாள்.

யூலியன் லீவு முடிந்து வந்ததும் ஸ்லாவ்காவோடு நானும் போனேன்.

"அம்மா, நீங்க... இறந்துட்டதா பதிவாயிருக்கு," என்றார் யூலியன்.

"செத்தவ பஸ்ஸுல வந்திருக்கேன் பாரு. டிக்கெட்டு வேற எடுத்தேன்."

"தப்புதாம்மா. புதுசா மனு குடுங்க, முதல்லேர்ந்து பாப்போம்."

"தண்ணி முதல்லேர்ந்து ஏறாது தம்பி."

தாந்த்கா அழுதாள். "உங்களுக்காகக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன் அத்தை."

"அணையாம பாத்துக்க. தேவைப்படும்."

5

முடிவு ஒன்று: ஆளுநர் கையெழுத்துப் போடுகிறார், மதகு திறக்கிறது. எழுதிப் பார்த்தேன். யூலியனே நம்பமாட்டார்.

முடிவு இரண்டு: நோட்டீஸில் தேதியை நிரப்புகிறார்கள். அன்றைக்குக் காலையில் ஸ்லாவ்கா அடுப்பில்...

[விட்டுவிட்டேன்.]

இப்போது பனி மேல் மழை பெய்கிறது. கசிவுத் தண்ணீர் நேற்றுவரை தெளிவாக வந்தது. இன்று கலங்கி வருகிறது. கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். மதகின் பூட்டு அப்படியே தொங்குகிறது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மெதோடி கனத்த ஆள். மாடிக்குத் தூக்க ஸ்லாவ்கா கூப்பிடுகிறாள்.