பதினோரு நிமிடம்

மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொன்று இரண்டுக்கு, கார் சீட் கவர் தைக்கும் பட்டறையின் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு தையல் இயந்திரங்களும் நின்றன.

தினமும் பதினொரு மணிக்கு அரை மணி நேரம் அங்கே ஸ்பீக்கர், பிடித்த பாட்டு போட, ஒருவர் கைக்குப் போகும். சுவரில் ஒட்டிய பட்டியல்படி முறை வரும். அன்று ஜிப் தைப்பவளின் முறை. அவளை எல்லோரும் ஜிப்பக்கா என்பார்கள். அவள் போட்டது ஆரம்பத்தில் பாட்டு மாதிரியே இல்லை. ஒரே கிடார், அடித்தொண்டையில் முனகுவது போல, மூன்று நிமிடம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஏழாம் மெஷின்காரி தன் மோட்டார் புகையப்போகிறது என்று பயந்து சுவிட்சை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை. அடுத்தவள் அணைத்தாள். பிறகு வரிசையே அணைத்தது. மெக்கானிக் ஓடி வந்து, ஸ்க்ரூடிரைவரை மோட்டாரில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆறாவது மோட்டாருக்குப் போனபோது டிரம்ஸ் விழுந்தது. ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் ஸ்பீக்கரை அணைத்தார்.

"என்னம்மா இது?"

"பாட்டு சார். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"ஏழா! அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்றார் மூலை மெஷின் பெரியவர்.

"எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி இதைவிட நல்லா பாடும்" என்றாள் இன்னொருத்தி.

பாடியது ஜிப்பக்காவின் தங்கை. அவளுடையது நான்கு பேர் கொண்ட குழு. முதல் ஆல்பம் போன மாதம்தான் வந்தது. இது தெரிந்தவள், பக்கத்து மெஷினில் ஓரம் அடிக்கும் தோழி மட்டும்.

"தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுடி. வாயை மூடிட்டுக் கேப்பாங்க."

"அதுக்குத்தான் சொல்லல. எனக்காக யாரும் கேக்க வேணாம். நீயும் உளறிடாத."

முதல் தடவை கேட்டபோது, "மிக்ஸி ஓடுதா?" என்று தங்கையிடம் கேட்டவள் ஜிப்பக்காவேதான். நான்காம் தடவை, நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்டபோதுதான், அந்த முனகல் இல்லாவிட்டால் குரல் அப்படி வந்து இறங்காது என்று பிடிபட்டது.

"பன்னிரண்டு நிமிஷ வேலை போச்சு. ஆறு மாசத்துக்கு உனக்கு ஸ்பீக்கர் கிடையாது" என்றார் மேஸ்திரி.

"பாதியில நிறுத்திட்டுத் தீர்ப்பு சொல்றீங்களே சார். நாளைக்கு முழுசாப் போடறேன். முடிஞ்சதும் வேணாங்கறவங்க கை தூக்கட்டும். பாதிக்கு மேல வேணாம்னா, லிஸ்ட்ல என் பேரை நானே அடிக்கறேன்."

"சரி, போடு. ஆனா வேற பாட்டு போடேன்" என்றார் மேஸ்திரி.

"இதேதான்."

வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நின்று, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, யாரும் அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். பெரியவர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார், ஒரு முறை கொட்டாவி விட்டார். டிரம்ஸ் வந்ததும் ஏழாம் மெஷின்காரியின் பெடல் தானாக அந்தத் தாளத்துக்கு இறங்கியது. ஓட்டு இல்லாத மெக்கானிக், கையில் ஸ்க்ரூடிரைவரோடு பதினோரு நிமிடமும் வாசலில் நின்றார்.

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். மற்ற இருபத்தொரு பேரில் பன்னிரண்டு கைகள். பன்னிரண்டாவது, தோழியுடையது.

"எனக்காகக் கேக்க வேணாம்னு நீதானடி சொன்ன. பாடற எடம் நல்லாருக்கு. அதுக்கு முன்னாடி மூணு நிமிஷம்... ஐயோ, பல்லு கூசுது."

ஜிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாம் மெஷின்காரியின் கை மெஷின் மேலேயே இருந்ததை அவள் பார்த்திருந்தாள். தங்கைக்குச் செய்தி அனுப்பினாள்: "ஒன்பது பேர் கை தூக்கல. அவங்க யாருக்கும் நீ யாருன்னு தெரியாது."

பிறகு துணியில் குறி போடும் பென்சிலோடு பட்டியல் முன் போய்த் தன் பெயரை அடித்தாள். தாளின் அடியில் புதிதாக ஒரு வரி எழுதினாள்: செப்டம்பர் 14, ஜிப், அதே பாட்டு, பதினோரு நிமிடம்.

மேஸ்திரி வந்து படித்தார். அதை அழிக்கவில்லை.