கலினாவின் முதல் குண்டு

நவம்பர் 22, சனிக்கிழமை. முதலில் தப்பை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பன்றியைச் சுட்ட பின் அது எப்படி ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்வேன். நான் அந்த நேரத்தில் கீழே குனிந்து, சருகில் விழுந்த காலித் தோட்டாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கலினா தன் நாட்குறிப்பை இப்படித்தான் தொடங்கினாள். அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மேசைக்கு அடியில் ஒரு மெழுகுத் துணுக்கு விழுந்தாலும் அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பல்லைத் தொடுவாள். கை அப்படிப் பழகிவிட்டது. துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்ததும் பித்தளைக் கூடு பளபளவென்று துள்ளி விழுந்தது, கை தானாகப் போய்விட்டது.

ஒரு வருஷமாக அவள் வாரம் இரண்டு மாலை வேட்டை வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடத்துத் தாவரவியல் அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து பெரியவர்கள் படித்தார்கள். பெண்கள் இரண்டே பேர். கலினாவும் யாக்னாவும். யாக்னா ரொட்டிக் கடை வண்டி ஓட்டுபவள். சட்டப் பாடம் முழுவதையும் வண்டியில் உரக்கச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்தாள். கலினா தாடைப் பாடத்தில் கெட்டி. எந்தப் பன்றித் தாடையைக் கையில் கொடுத்தாலும் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவாள். யாக்னாவுக்குத் தைரியம் பிறக்கும்போதே கூட வந்தது. கலினா அதையும் மாலை வகுப்பில் படித்துத்தான் பெற வேண்டியிருந்தது, அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை.

இருவரும் பரீட்சையில் தேறினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் வேட்டைச் சங்கத்தின் கூட்டம். இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை விருந்தாளிகளாக வந்து வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் வேட்டைத் தலைவர் லுடோமிர் தோல் பையை நீட்ட, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு ஆளுக்கொரு எண்ணை எடுத்தார்கள். கலினாவுக்கு ஏழு. அவளுக்கு வலப்பக்கம் எட்டில் போலெக். டயர் கடைக்காரர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். அவர் கழுத்தில் ஒரு மர வட்டு தொங்கியது. அதில் முயல் ஒன்று வாயைப் பொத்திச் சிரிக்கும் படம். போலந்தில் எந்தச் சங்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும். நாள் முடிவில் அதிகம் வேட்டையாடியவர் ராஜா, குண்டை வீணடித்தவர் குறி தப்பிய ராஜா. முயல் வட்டு இந்த இரண்டாவது ராஜாவுக்கு. அடுத்த ராஜா கிடைக்கும்வரை ஒவ்வொரு வேட்டைக்கும் அதை மாட்டிக்கொண்டு வர வேண்டும். போலெக்குக்கு இது மூன்றாவது மாதம்.

கடைசிச் சுற்றில்தான் அது நடந்தது. காட்டுப்பன்றிகளை வரிசைப் பக்கம் விரட்டுபவர்கள் தூரத்தில் கட்டையைத் தட்டிக்கொண்டு “ஹோ, ஹோ” என்று வந்தார்கள். காட்டுப் பாதைக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. முதலில் தாய்ப்பன்றி. கலினா துப்பாக்கியைத் தூக்கவில்லை. குட்டிகளை நடத்திக்கொண்டு போகும் தாயைச் சுடுவதில்லை. குட்டிகள் போயின. சற்று இடைவெளி விட்டு ஓர் இளம் ஆண்பன்றி தனியாக வந்தது. பின்னால் ஆள் இல்லை, மண் மேடுதான். வகுப்பில் சொன்ன எல்லாமே சரியாக இருந்ததால் அவள் சுட்டாள். குண்டு போன திசையில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வலப்பக்கத்திலும் ஒரு வெடி கேட்டது. பிறகு கொம்பு ஊதிச் சுற்று முடிந்தது என்றார்கள். அதுவரை யாரும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. ஊதி முடித்த மறுகணம் போலெக் வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, முதல்ல சுட்டது நீதானே? பன்றி எங்க?”

“ஓடிடுச்சு.”

“ஓடாம உக்காந்து கதை பேசுமா? நான் பாத்தேன், வாலத் தூக்கிட்டு ஜம்முனு போச்சு. ஒரு முடி உதிரல. வா, கழுத்த நீட்டு.” அவர் வட்டைக் கழற்றவே தொடங்கிவிட்டார்.

யாக்னா தன் இடத்திலிருந்து ஓடிவந்தாள். அவள் பக்கம் ஒரு அணில்கூட வரவில்லை. “அண்ணே, நீங்களும்தானே ஒண்ணு சுட்டீங்க? உங்க பன்றி எங்க?”

“என்னுதும் தப்பிச்சிடுச்சு. ஆனா ஆளுக்கு ஒண்ணுன்னு சமமா வந்தா, புதுசா வந்தவங்களுக்குத்தான் வட்டு. சங்கத்துச் சட்டம்.”

“எப்பப் போட்ட சட்டம்?”

“இப்பதான்.”

காட்டுப் பாதையின் முனையில் டிராக்டர் வண்டி நின்றது. அதன் மேல் பெரிய பானையில் பிகோஸ் கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோசும் புகையூட்டிய இறைச்சியும் சேர்ந்த வாசனை எல்லாரையும் அந்தப் பக்கம் இழுத்தது. லுடோமிர் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு வரிசையாக எண்ணைக் கூப்பிட்டார். சுட்டவர் ஒவ்வொருவரும் என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுக்கலாம்.

“ஏழு?”

தப்பிவிட்டது என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டும். போலெக் பார்த்ததாகவே சொல்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள், வட்டு கழுத்தில் விழும், சூடாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த ‘டப்’ அவள் காதிலேயே இருந்தது. குண்டு உடம்பில் பட்டாலும் அப்படித்தான் கேட்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பட்டிருந்தால் அந்தப் பன்றி இப்போது ஏதோ ஒரு புதரில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கும். படாமலிருந்தால், வீணாகத் தேட வைத்து முதல் நாளே பன்னிரண்டு பேரின் சாப்பாட்டைக் கெடுத்த பெண் என்று வெள்ளிக்கிழமை ஒரு கையும் உயராது.

“எனக்குத் தெரியல” என்றாள் கலினா.

“தெரியலன்னா?”

“சத்தம் கேட்டுச்சு. ஆனா போறதப் பாக்கல. குனிஞ்சிட்டேன்.”

“எதுக்குக் குனிஞ்ச?”

“தோட்டா பொறுக்க.”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “அடுத்த தடவ கையில ஒரு துடப்பத்தையும் குடுங்கப்பா, சுட்ட கையோட காட்டையும் கூட்டிடும்” என்றார் ஒருவர். “எங்க வீட்டுக்கும் ஒரு நாள் அனுப்பி வைங்க” என்றார் இன்னொருவர்.

கலினாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. “சிரிங்க. ஆனா அந்த இடத்தப் பாக்காம நான் சாப்பிட மாட்டேன். நீங்கல்லாம் சாப்பிடுங்க, நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றாள். இவ்வளவு பேரின் முன்னால் இத்தனை நீளமாக அவள் பேசியதே இல்லை.

லுடோமிர் பானையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “தனியா அனுப்பறதா? நல்லா இருக்கும். யாக்னா, உன் நாயக் கொண்டா.”

யாக்னாவின் நாய் ஃபசோலா குட்டைக் கால், சொரசொரத்த மீசை, மோப்பம் பிடிக்கப் பழக்கிய பெண் நாய். வண்டியில் ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி நீளக் கயிற்றில் கட்டினாள். லுடோமிரும் பின்னால் வந்தார். வட்டு கைமாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போலெக்கும் வந்தார்.

குனிந்ததில் பன்றி நின்ற இடமும் கலினாவுக்குக் குழம்பியிருந்தது. அந்தப் பாதை ஓரம் முழுக்க ஒரே மாதிரி புதர். அவள் தன் பழைய இடத்துக்குப் போய், சருகில் பதிந்திருந்த தன் காலடிகளிலேயே காலை வைத்து நின்றாள்.

“நான்தான் பன்றி” என்று யாக்னா நாயை லுடோமிரிடம் கொடுத்துவிட்டுப் பாதைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். “சொல்லுடி, எங்க நிக்கணும்?”

“இன்னும் போ. இன்னும் கொஞ்சம். தலையக் கீழ போடு.”

“பன்றி இவ்வளவு குண்டா இல்லியே” என்றார் போலெக்.

“நீங்க சும்மா இருங்க அண்ணே. உங்க கையில துப்பாக்கி இருந்தாலும் நான் பயப்பட மாட்டேன். உங்களுக்கு எங்க படப்போவுது!”

லுடோமிர் இருமுவது போலச் சிரித்தார்.

“நில்லு! அங்கதான்” என்றாள் கலினா.

யாக்னாவின் காலடியில் குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அவர்கள் நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். ஃபசோலா தடத்தை முகர்ந்தது, கொஞ்ச தூரம் ஓடியது, திரும்பி வந்து உட்கார்ந்து காதைச் சொறிந்தது. கலினா மண்டியிட்டு இலை இலையாகப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அறுபட்ட மயிர் இல்லை. எலும்புத் துணுக்கு இல்லை. அப்படியானால் அந்தச் சத்தம்? அவள் எழுந்து, தான் நின்ற இடத்திலிருந்து இந்தத் தடம் வழியாக ஒரு கோடு போட்டுப் பார்ப்பது போலப் பார்த்தாள். கோடு போய் முடிந்த இடத்தில், மண் மேட்டுக்கு முன்னால் ஒரு பிர்ச் மரம் வெள்ளையாக நின்றது. முழங்கால் உயரத்தில் பட்டை கிழிந்து, உள்ளே மரம் புதிதாக மஞ்சளாய்த் தெரிந்தது.

அவள் ஓடிப்போய் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டாள். “இதுதான்! சத்தம் இதுதான்!” என்று கத்தினாள். “பன்றிக்கு ஒண்ணும் ஆகல!”

சுட்டது தப்பியதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் ஒருத்தியை லுடோமிர் பார்த்திருக்கமாட்டார் போலும். அவரும் வந்து விரலை விட்டுப் பார்த்தார். “நல்ல ஆழம்” என்றார். “மரத்த ஒரே குண்டுல சாய்ச்சிருப்ப.”

“பாத்தியா? நான் சொன்னேன்ல, வாலத் தூக்கிட்டுப் போச்சுன்னு!” போலெக் வட்டைக் கழற்றிக் கலினாவின் கழுத்தில் போட்டார். “சாட்சியோட, முறைப்படி. இனிமே நான் சுதந்திர மனுஷன்.”

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு மெல்லப் போயிற்று. மரத்தை ஒரு தரம் பார்த்தார், கலினாவின் மண் ஒட்டிய முழங்காலை ஒரு தரம் பார்த்தார்.

“தலைவரே.”

“என்ன?”

“என்னுதையும் ஒரு எட்டு பாத்துடலாமா?”

“உன்னுது தப்பிச்சிடுச்சுன்னியே?”

“சொன்னேன். ஆனா நானும் சரியாப் பாக்கல.”

“நீ என்ன, நீயும் தோட்டா பொறுக்கினியா?”

“இல்ல. இந்தப் பொண்ணு சுட்டது பட்டுச்சா இல்லியான்னு திரும்பிப் பாத்துட்டேன். வட்டு போகுமா போகாதான்னு ஒரு ஆச.”

யாக்னா வாயைத் திறந்தாள். கலினா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். யாக்னா வாயை மூடிக்கொண்டாள், அது அவளுக்கு எளிதாக இல்லை.

எட்டாம் எண் இடத்துக்கு எதிரே, போலெக் காட்டிய புதரடியில் ஃபசோலா வேறு நாயாகிவிட்டது. மூக்குத் தரையோடு ஒட்டியது, வால் கம்பியாக நீண்டது. கலினா அதன் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். சருகின் மேல் கத்தரித்தது போல நான்கைந்து கருமயிர். அதற்கு அடுத்த இலையில் ஒரு துளி ரத்தம்.

“நுரை இல்ல. கருஞ்சிவப்பு” என்றாள். குரல் தானாகத் தணிந்தது. “நுரையீரல் இல்ல, பின்னாடி பட்டிருக்கு. ஈரலா இருக்கும்.”

“ஆமா” என்றார் லுடோமிர்.

நாய் அவர்களை ஓடை வரை இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஏரி ஓரத்து நாணல் காடு தொடங்கியது. தலைக்கு மேல் உயரம், உள்ளே ஈரச் சேறு. வெளிச்சம் மங்கிவிட்டது. யாக்னா கயிற்றைச் சுருட்டி நாயைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப உள்ள போனா எழுந்து இன்னும் தூரம் ஓடும்” என்றார் லுடோமிர். “விட்டுட்டா பக்கத்துலயே படுத்துடும். விடிஞ்சதும் வருவோம்.”

போலெக் ஓர் ஊசியிலைக் கிளையை ஒடித்து நாய் நின்ற இடத்தில் அடையாளமாக நட்டார். திரும்பும் வழி முழுக்க அவர் பேசவில்லை. டயர் கடைப் பக்கம் போயிருக்கும் எவருக்கும் அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

பிகோஸ் அடிப்பிடித்திருந்தது. ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. லுடோமிர் வழியிலேயே போனில் சொல்லிவிட்டதால் செய்தி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. துடப்பம் என்று சொன்னவர் கலினாவுக்குத் தன் மரக் கரண்டியைத் துடைத்துக் கொடுத்து, “நல்லாக் கிளறி எடும்மா, அடியில இருக்கிறதுதான் ருசி” என்றார். கழுத்து வட்டு தட்டில் தோயாமல் இருக்க அவள் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் நாயின் கயிற்றைப் பிடித்துப் போகிறவரோடு துப்பாக்கி வைத்துக்கொண்டு ஒருவர் போக வேண்டும். நாணலுக்குள் காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால், நாயையும் கயிற்றைப் பிடித்திருப்பவரையும் காப்பது அவர் வேலை. யார் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் போலெக்கைப் பார்த்தார்கள். சுட்டவர்தான் போக வேண்டும், அதுதான் வழக்கம்.

“நான் வருவேன், என் பன்றி” என்றார் போலெக். “ஆனா நாய்க்குப் பக்கத்துல போற துப்பாக்கி நான் வேணாம். இன்னிக்கி என் கண்ணு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தப் பொண்ண அனுப்புங்க.”

“அவ சுட்டது மரத்த” என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

“மரம் அசையாம நின்னுச்சு, பட்டுச்சு. காயம்பட்ட பன்றியும் அப்படித்தான் நிக்கும்” என்றார் போலெக். பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. “நாய் குரைச்சதும் அவசரப்பட்டுச் சுடற ஆளு எனக்கு வேணாம். தாய்ப்பன்றிக்கு வழி விட்டுச்சு இந்தப் பொண்ணு. எட்டுல நின்னு நான் பாத்தேன். அத மட்டும் ஒழுங்காப் பாத்தேன்.”

லுடோமிர் கலினாவைப் பார்த்தார். “முடியுமா?”

இப்படிக் கேட்டால் வழக்கமாக அவள் சொல்லும் ‘தெரியல’ நாக்கு நுனி வரை வந்தது. தெரியாத விஷயத்துக்கு அதை ஏற்கெனவே ஒரு தரம் சொல்லியாகிவிட்டது. இது தெரிந்த விஷயம். நாய்க்கு முன்னால் போகக் கூடாது, யாக்னா நிற்கும் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது, பன்றி தெளிவாகத் தெரிந்தால்தான் விசையில் விரலை வைப்பது.

“முடியும்” என்றாள்.

“காடு கொடுக்கட்டும்” என்று லுடோமிர் கையை நீட்டினார். வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து அது. வகுப்பில் ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகியும், அவளைப் பார்த்து ஒருவர் முதலில் சொன்னது இன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவள் நினைவுக்கு வந்ததே வீடு திரும்பும் வழியில், யாக்னாவின் ரொட்டி வண்டிக்குள்தான். வந்த வேகத்தில் போயும்விட்டது. துப்பாக்கியைத் துடைக்க வேண்டும், ரப்பர் பூட்ஸைத் தேடி எடுக்க வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு நாணல் காட்டின் கிழக்கு ஓரத்தில் மூன்று பேரும் சேர்கிறார்கள். போலெக் கிளை நட்ட இடத்தைக் காட்டுவார், யாக்னா நாயைப் பிடிப்பாள், கலினா துப்பாக்கியோடு அவளுக்கு வலப்பக்கம் நடப்பாள்.