ஆம்புரோஸின் இடது கை

பெட்ரீசியா மறுபடியும் ஜெபமாலையை ஆம்புரோஸின் இடது கையில் சுற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் விரல்கள் நெளிந்து மணிகளை உதறின. மாலை சிமெண்டுத் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் போனது.

"புடிக்க மாட்டேங்கிறான் ஹில்டா. மாதாவையே வேணாங்கிறான்" என்றாள். சாகக் கிடக்கிற தம்பி ஜெபமாலையை உதறினால் அவன் ஆத்துமா எங்கே போய்ச் சேரும் என்ற பயம் அவளுக்கு.

ஹில்டா குனிந்து மாலையை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை பாரிட் புந்தாரில் ஒரு கல்யாண மேடையில் சுருண்டு விழுந்ததிலிருந்து, புருஷனுக்குத் தன்னை அடையாளம் தெரிகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் முழுக்க மரத்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஈப்போவுக்குக் கொண்டுவந்து, புந்தோங் வீட்டின் முன்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் கண்கள் அவள் முகத்துக்கு வரும். நிற்காமல் ஜன்னலுக்குப் போய்விடும். அங்கே தெரிகிற சுண்ணாம்புக் குன்றுக்கும் அவளுக்கும் ஒரே மரியாதை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தாங்கவில்லை. நீ யாரென்று தெரியும் என்கிற மாதிரி ஒரே ஒரு தடவை அவன் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

மழைக்கு முந்தைய மத்தியானம். ஜன்னலோரப் பப்பாளி மரத்தின் பச்சை வெளிச்சம் அறைக்குள் தேங்கி நின்றது. பக்கத்து வீட்டு ரெடிஃபியூஷன் வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். சரியாகத் தூங்காத ஹில்டாவுக்குப் பாட்டு வெளியிலிருந்து வருகிறதா, தலைக்குள்ளிருந்தா என்று பிடிபடவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அர்ச்சுனன் வந்தான். ஆம்புரோஸின் வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கிறவன். ஆம்புரோஸுக்குப் பகலில் லாரிப் பட்டறையில் பெயிண்ட் வேலை. சனி, ஞாயிறானால் கல்யாண மண்டபங்களில் பேஸ் கித்தார். மேடையில் ஐந்து பேர் நின்றால் யாரும் பார்க்காத ஆள் அவன்தான். கல்யாண ஆல்பங்களில் அவன் உடம்பில் பாதி திரைச்சீலைக்குப் பின்னால் போயிருக்கும். மீதிப் பாதியையும் மாப்பிள்ளையின் மாமா யாராவது மறைத்துக்கொண்டிருப்பார்.

அர்ச்சுனன் கட்டிலருகே வந்து அந்தக் கையையே பார்த்தான்.

"அக்கா, மாலையைச் சுத்தாதீங்க. அண்ணே வாசிக்கிறாரு."

"என்னத்த வாசிக்கிறான்? இழுப்புலா அது" என்றாள் பெட்ரீசியா.

"இழுப்பு இல்லக்கா, நல்லா பாருங்க. ஆள்காட்டி விரலு தடிச்ச கம்பில இருக்கு. சுண்டு விரலு ஒரு கம்பி தாண்டி அடுத்ததுல. ரெண்டும் ஒரே சுரந்தான், கீழ ஒன்னு, மேல ஒன்னு. ஆக்டேவ்னு சொல்லுவோம். தும்-திம், தும்-திம். நடுக்கம்பி வாயத் தொறக்கக் கூடாதுன்னு விரலைச் சாச்சு வச்சிருக்காரு பாருங்க."

"அவரு எப்பவும் அப்படித்தானே வாசிப்பாரு?" என்றாள் ஹில்டா.

அர்ச்சுனன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எப்பவுமா? இல்ல அண்ணி. நேரா தும் தும்னு போவாரு, அவ்வளவுதான். நீங்க தையல் கடைய மூடிட்டு பஸ் புடிச்சு மண்டபத்து வாசல்ல வந்து நிப்பீங்கள்ல, அப்பதான் இது. பாடுறவன் திட்டுவான், சோகப் பாட்டுல என்னா மச்சான் குதிக்கிறேன்னு. முன்னுக்கு ஆளுங்க நிக்கிறதுனால எனக்கு வாசல் தெரியாது. ஆனா தும்-திம் கேட்டா போதும், அண்ணி வந்தாச்சுன்னு தெரிஞ்சிரும்."

ஹில்டா அந்த விரல்களைப் பார்த்தாள். எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவள் காதில் விழுந்தது அந்தத் துள்ளல்தான். அதுதான் ஆம்புரோஸின் வாசிப்பு என்று நினைத்திருந்தாள். தான் இல்லாதபோது அவன் எப்படி வாசித்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மடையன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினாள். இவ்வளவு சந்தோஷம் இந்த நேரத்தில் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, தன் முன்னங்கையைக் கித்தாரின் கழுத்து மாதிரி அவன் இடது கைக்குள் கொடுத்தாள். அவன் கட்டைவிரல் அடியில் போனது. மற்ற விரல்கள் மேலே ஏறி அழுத்தின. கண்கள் இன்னும் குன்றைத்தான் பார்த்தன. பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெட்ரீசியா கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். மரத்துப்போன வலது கையை விரித்து அதில் ஜெபமாலையை வைத்து மூடினாள்.

"மாதா இந்தக் கையில இருக்கட்டும்" என்றாள். "அந்தக் கை உனக்கு, ஹில்டா."

அர்ச்சுனன் ஹில்டாவின் கைமேல் அழுந்திய விரல்களைக் காட்டினான். "அமுக்குறாரு அண்ணி. மீட்டுறதுக்குத்தான் கையில்ல."

மேடையில் அவன் மீட்டுவதைப் பார்த்திருந்தபடி, ஹில்டா தன் மற்றக் கையின் இரண்டு விரல்களை, அவன் பிடித்திருந்த கையின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்து மீட்டினாள். அவன் ஆள்காட்டி விரல் அழுந்தும்போது ஒன்று. சுண்டு விரல் அழுந்தும்போது ஒன்று. முதலில் தடுமாறியது. அர்ச்சுனன் கட்டில் சட்டத்தில் விரல் நுனிகளால் மெதுவாகத் தாளம் போட்டான். தகரக் கூரையில் மழை இறங்கியது.

மழைச் சத்தத்தில் அறையின் சுவர்கள் தள்ளிப் போயின. ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ என்று அவன் வாசித்த ஊர்களில் ஏதோ ஒரு மண்டபம். ஹில்டா இந்தத் தடவை வாசலில் இல்லை, மேடையில் ஆம்புரோஸ் நிற்கிற இடத்தில் இருந்தாள். தூரத்து வாசலில் அவளைப் போலவே ஒருத்தி வந்து நின்றாள். தலை நனைந்திருந்தது. சேலையில் வெட்டுநூல் ஒட்டியிருந்தது. எங்கே நிற்பதென்று தெரியாமல் சுவரோரமாக ஒதுங்கினாள். இவளுக்காகவா என்று ஹில்டா ஆச்சரியப்பட்டாள். ஆனாலும் அவளைப் பார்த்ததும் விரல்கள் தாமாகத் துள்ளின.

எவ்வளவு நேரம் அப்படி வாசித்தார்கள் என்று தெரியாது. அவன் விரல்கள் மாறி மாறி அழுந்துவதை விட்டுவிட்டு, இரண்டும் ஒன்றாக அழுந்தி அப்படியே நின்றன. அர்ச்சுனன் தாளத்தை நிறுத்தினான். ஆம்புரோஸ் பாட்டை முடிப்பது அப்படித்தான். இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டி, சத்தம் தானாக அடங்கும்வரை விட்டுவிடுவான். அர்ச்சுனன் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹில்டா இரண்டு விரலாலும் சேர்த்து ஒரு முறை மீட்டினாள். கையைத் தூக்கிக்கொண்டாள்.

மழை விட்டது. பெட்ரீசியா தம்பியின் கண்களை மூடிவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஹில்டாவின் கையில் இரண்டு பள்ளங்கள், ஒன்றுக்கொன்று சற்றே தள்ளி, வெளுத்துக் கிடந்தன. சட்டைக் கையை இறக்கிவிடாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்று மெல்ல மேலெழும்பித் தோலோடு தோலானது. மற்றது இன்னும் இருந்தது.