குறை சொன்னவர் பெயர்

சித்தியின் கடலைக்கு அன்றோடு ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. பூ விட்டு விழுது இறங்கும் நேரம். மண் ஈரமாக இல்லாவிட்டால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மின்சாரமும் வந்தது. மோட்டார்தான் ஓடவில்லை. அதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊர் குடுமியான்மலைக்குப் பக்கம். கிணறுகள் வீட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால், போன் செய்தால் மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. சித்தப்பா கத்தாரில் இருப்பதால் செங்கமலம் சித்திதான் தனியாக வயலைப் பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் அவசியம்.

இரண்டு வருடங்களுக்கு முன் பால் சொசைட்டி முன்னால் ஒரே நாளில் இரண்டு ஸ்டார்ட்டர்களைக் காட்டினார்கள். ஒன்று கம்பெனியுடையது. கறுப்புப் பெட்டி, அதை இயக்க அவர்களுடைய ஆப். இன்னொன்று உடையப்பன் அண்ணன் செய்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அன்னவாசல் ரோட்டில் மோட்டார் கடை வைத்திருக்கிறார். அவருடையதற்கு மூடிகூடச் சரியாக இல்லை. எந்த சிம்மையும் போடலாம், எந்தக் கடையிலும் பாகம் வாங்கலாம். சர்க்யூட் படத்தைப் பெரிதாக வரைந்து கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். அன்று அந்தத் தாளையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார். யார் வேண்டுமானாலும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

எதை வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நம்ம நாகராசு மக பிசிக்ஸ் படிச்சிருக்குல்ல. அது சொல்லட்டும்" என்றார் கண்ணுசாமி பெரியப்பா.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்லூரி செமினாரில் பாதியில் குரல் நின்று போய் உட்கார்ந்தவள். அன்று என் கையில் கம்பெனி நோட்டீஸ் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"தொறந்து கெடக்குற சர்க்யூட் பாதுகாப்பு இல்ல. யாரு வேணா போன் பண்ணி நம்ம மோட்டார ஓட விட்ரலாம். கம்பெனி பொட்டி பூட்டுப் போட்ட மாதிரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உடையப்பன் அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "படத்தப் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேண்ணே" என்றேன். பார்க்கவில்லை.

ஐந்து வீட்டில் கம்பெனிப் பெட்டி வாங்கினார்கள். பழைய ஸ்டார்ட்டர்களைக் கம்பெனிக்காரர்களே கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது ஆப்பைத் திறந்தால், 'இந்த மாடலுக்கான சேவை நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. ஆப் அனுமதிக்காமல் பெட்டியில் இருக்கும் பொத்தானும் வேலை செய்யாது. ஆறு முறை போன் செய்தேன். புது மாடல் வாங்கச் சொன்னார்கள்.

"பூட்டு பூட்டுன்னியே ரஞ்சனி, சாவி யாருகிட்டடி இருக்கு?" என்று கேட்டாள் சித்தி.

"கம்பெனிகிட்ட."

"நல்லா வச்சிருக்கீங்க. போ, போயி உடையப்பனக் கூட்டியா."

"நீங்க ஒரு போன் போட்டா வந்துருவாரு சித்தி."

"எனக்குப் போடத் தெரியாதா? ஒன்னத்தான் போகச் சொல்றேன்."

கடையில் அவர் ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"வாங்க சயின்டிஸ்ட்டு. பூட்டு ஒடஞ்சிருச்சா?"

"ஒடையலண்ணே. தொறக்க மாட்டேங்குது."

அவர் சிரித்துவிட்டு ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டார்.

கிணற்றடியில் பெட்டியின் மூடியை நெம்பினார். உள்ளே கறுப்பாகப் பிசின் ஊற்றி இறுகியிருந்தது. "பாருங்கக்கா, எவனும் கை வச்சிறக் கூடாதுன்னு தார ஊத்தி வச்சிருக்கான்" என்றார். ஈரம் படாமல் இருக்கவும் அப்படி ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்திருந்த பழைய ஸ்டார்ட்டரோடு தான் செய்த சர்க்யூட் போர்டை இணைத்தார். சித்தியின் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தார். மோட்டார் இரைந்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

போர்டு இருந்த அட்டைப்பெட்டியில் படத்தின் நகல் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. சித்தி அதைப் பிரித்தாள். அடியில், யார் என்ன குறை சொன்னார்கள், என்றைக்குச் சரி செய்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. மூன்றாவது வரியை அவள் சத்தமாக வாசித்தாள்.

"எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் ஓடுகிறது. சொன்னவர்: நா. சிவரஞ்சனி, பி.எஸ்சி."

சரி செய்த தேதி, சொசைட்டிக் கூட்டம் முடிந்து இரண்டாவது நாள்.

"பாத்தியா, எங்க புள்ள சொல்லித்தான் நீ சரி பண்ணிருக்க!" சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாக்கா. அது சொன்னது சரிதான். எனக்குத் தோணவே இல்ல. இப்ப நாலு நம்பர் பதிஞ்சு வச்சா அதுல இருந்து மட்டுந்தான் ஓடும்."

பேசாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் முதல் பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் அன்னைக்குப் படத்தப் பாக்கல. நோட்டீஸ்ல இருந்தத வாசிச்சேன்."

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "பாத்தேன்னியே?"

"பொய்யிண்ணே. அந்தப் பேர அடிச்சிருங்க."

"எதுக்கு? குறை நெசந்தானே. கெடக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சித்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனாள். போகும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இன்னும் நாலு வீட்ல கடலை காயுது. கம்பெனிக்காரன் இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு ஒக்காந்திருக்காக."

தாளை வாங்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் வரப்பில் நின்று படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து போனேன். ரிலே, சிம் கார்டு, மும்முனைக் கம்பிகள். எல்லாம் புரிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

கண்ணுசாமி பெரியப்பா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, கம்பெனிக்காரன் எப்ப வாரானாம்?"

"வர மாட்டான் பெரியப்பா. அன்னைக்கு நான் பாக்காமச் சொல்லிட்டேன்."

"என்னது?" என்றார், காதில் கையை வைத்து.

மறுபடியும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.